பொறி வெளிச்சத்தில் கார்பன்

அக்டோபர் 9, திங்கள்

இன்று முதல் லேப் சாவி என் கையில். முன்னால் இருந்தவன் ஓசூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டான். போகிறவன் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டுப் போகக் கூடாதா? காலை முழுக்க எனக்கு அதுதான் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் கணபதிப் பக்கம், இரும்பை உருக்கி வார்க்கும் வேறொரு ஃபவுண்டரியில் நான்கு வருஷம் இதே மாதிரி ஒரு பெட்டியோடு குடித்தனம் நடத்தியவள் நான். அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.

பெட்டி என்றால் ஸ்பெக்ட்ரோமீட்டர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார்.

"அங்க என்னதான் கண்ணு பண்ணுவே?"

"உருக்கின இரும்புல ஒரு வில்லை ஊத்திக் குடுப்பாங்க அத்தை. அது மேல கரண்ட்டுல பொறி விடுவேன். இரும்பு ஒரு வெளிச்சம் விடும், நிக்கல் ஒரு வெளிச்சம் விடும், கார்பன் ஒண்ணு விடும். ஒவ்வொண்ணும் வேற வேற. அதைப் பிரிச்சுப் பாத்து எது எத்தனை இருக்குதுன்னு பெட்டி சொல்லீரும்."

"அப்ப ஜாதகம் பாக்கற மாதிரின்னு சொல்லு."

"ஆமாங் அத்தை. ஆனா இது பொய் சொல்லாத ஜாதகம்."

அத்தைக்குப் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டில் போய் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே சங்கடம், அவரை அங்கே எப்படிக் கூப்பிடுவது என்பதுதான். என் வீட்டுக்காரர் இந்த ஃபவுண்டரியில்தான் உலை பார்க்கிறவர். எல்லோருக்கும் லோகு அண்ணன். நான் அண்ணன் என்று கூப்பிட முடியுமா? வீட்டில் 'ஏனுங்க' போதும். அங்கே 'ஏனுங்க' என்றால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். முதல் நாள் கையைத் தட்டிக் கூப்பிட்டுச் சமாளித்தேன்.

அக்டோபர் 11, புதன்

ஆர்கான் சிலிண்டர் மாற்றினேன். பருப்பு ரசம் நன்றாக வந்தது. அவர் மூன்று தரம் வாங்கிக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்டோபர் 14, சனி

லேப் கதவில் ஒரு காகிதம் ஒட்டினேன்: 'தேய்த்த சாம்பிளின் முகத்தைத் தொடாதீர்கள்.' கையில் இருக்கிற எண்ணெய்ப் பசை போதும், கார்பன் கூடிவிடும். தேங்காய் எண்ணெயிலும் கார்பன்தானே இருக்கிறது? நம் ஊர் ஆண்கள் தலையைத் தடவாமல் ஒரு பேச்சுப் பேச மாட்டார்கள். தடவிய கையோடு வந்து வில்லையை எடுத்து "பளபளன்னு இருக்குதுங் மேடம்" என்று வேறு சொல்வார்கள்.

மதியம் உலைப் பக்கம் போனேன். வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. அவர் தம் நீலக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். "இதுல பாரு, கூசாது" என்றார். அந்தக் கண்ணாடி மஞ்சள் வெளிச்சத்தையெல்லாம் தானே தின்றுவிடுகிறது. மிச்சத்தில் உருகின இரும்பு ஊதா நிறத்தில் அசைந்தது. என் பெட்டிக்குள்ளும் இதே சங்கதிதான். கார்பன் விடும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத வகை. காற்று பட்டால் காற்றே அதைக் குடித்துவிடும். அதனால்தான் பொறி விழும் இடத்தில் காற்றை விரட்ட ஆர்கான் ஓடுகிறது. இதை அவரிடம் சொன்னேன். "ஓ" என்றார். கல்யாணமான இந்த ஒரு மாசமாக நான் சொன்னதெல்லாம் அவருக்குள் போகிறது. வெளியே வருவது இந்த 'ஓ' மட்டும்தான். அணுக்களே பரவாயில்லை, உள்ளே வாங்கியதை அந்தக் கணமே வெளிச்சமாக விட்டுவிடும்.

கண்ணாடி இல்லாமல் அவர் எப்படி நின்றார் என்பது இப்போதுதான் தோன்றுகிறது. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றார்.

அக்டோபர் 18, புதன்

பெரிய செய்தி. முதலாளி கோவர்த்தனன் சார் எங்கள் இருவரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்கு வால்வு செய்து தரும் வேலை வந்திருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு, அதிலும் கார்பன் குறைவான ரகம். நூற்றுக்கு 0.03-ஐத் தாண்டவே கூடாது. தாண்டினால் வெல்டிங் செய்த இடத்தில் ஆசிட் அரித்துவிடும். ஆசிட் ஒழுகினால் பக்கத்தில் நிற்பவர் கதி அவ்வளவுதான். முதலில் மாதிரிக்குக் கொஞ்சம் வால்வுகள் தீபாவளிக்கு முன்னால் போக வேண்டும். அவை தேறினால் வருஷம் முழுக்க வேலை.

"ஆர்டர் கெடைச்சா புது ஃபர்னஸ் வாங்கறோம் லோகு. அதுக்கு நீதான் பொறுப்பு" என்றார் சார்.

அவர் "சரிங்க சார்" என்றார். அவ்வளவுதான். ஆனால் வண்டியில் வீட்டுக்கு வரும்போது ஏதோ ஒரு பாட்டை மூக்கால் முனகிக்கொண்டே வந்தார். என்ன பாட்டு என்று தெரியவில்லை. சுருதி அந்த லட்சணம்.

அக்டோபர் 20, வெள்ளி

முதல் முயற்சி. ஒரு உலை உருக்கு முழுவதையும் நாங்கள் ஒரு ஹீட் என்போம். கார்பன் 0.041.

"இன்னொரு பொறி விட்டுப் பாரு" என்றார். விட்டேன். 0.042.

"மெஷின் சரியா இருக்குதா?"

"மெஷின் சரியாத்தானுங்க இருக்குது. நீங்க போட்ட ஸ்கிராப்தான் எண்ணெய்ப் பிசுக்கா இருக்குது."

நாலு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். அவர் உலைப் பக்கம் போய்விட்டார். ராத்திரி சாப்பாட்டில் ரசம் ஒரு தரம்தான்.

அக்டோபர் 21, சனி

ஸ்கிராப் முழுவதையும் சோடாத் தண்ணீரில் கழுவிக் காயவைத்திருக்கிறார். யாரும் சொல்லவில்லை. அவராகவே.

அக்டோபர் 23, திங்கள், ஆயுத பூஜை

காலையில் ஃபவுண்டரி முழுக்க மாவிலையும் வாழைக் கன்றும். உலைக்கு மாலை. லேத்துக்கு, கிரேனுக்கு, தராசுக்கு, வாட்ச்மேன் சைக்கிளுக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பூசணிக்காயை உடைத்ததும் பொரி கடலைக்கு ஒரே தள்ளுமுள்ளு.

லேபுக்குள் நுழைந்தால் ஆச்சரியம். பெட்டியைச் சரிபார்க்க வைத்திருக்கும் ஸ்டாண்டர்டு வில்லைகள் வாழை இலையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இதில் கார்பன் இத்தனை, நிக்கல் இத்தனை என்று அளவு முன்பே தெரிந்த வில்லைகள் அவை. ஒவ்வொன்றையும் முகம் பார்க்கிற அளவுக்கு யாரோ தேய்த்து, நடுவில் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ. எல்லோருக்கும் முன்னால் நேரத்திலேயே வந்து அவர்தான் செய்திருக்கிறார். பூஜைக்கு அழுக்காக இருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தாராம். கிரைண்டர் பக்கம் நின்றிருந்த பையன்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

நான் அவரிடம் "நல்லாத் தேச்சிருக்கறீங்க" என்றேன். "ம்" என்றார். இன்று பொரி நன்றாக இருந்தது. சுண்டலும் நன்றாக இருந்தது. வெயில்கூட அவ்வளவாக இல்லை.

அக்டோபர் 25, புதன்

லீவு முடிந்து பெட்டியைச் சரிபார்த்தேன். ஸ்டாண்டர்டு வில்லைகளிலிருந்து சந்தனத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுப் பொறி விட்டேன். கார்பன் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. லீவில் பெட்டி சும்மா கிடந்ததால் இருக்கும். வில்லையின் அளவுக்குத் தக்கபடி பெட்டியை இறக்கி வைத்தேன்.

வில்லைகளை மறுபடி தேய்க்கவில்லை. விலை உயர்ந்த சாமான், சும்மா சும்மா தேய்த்தால் தேய்ந்து போய்விடும்.

அக்டோபர் 27, வெள்ளி

0.026!

மூன்று பொறி விட்டேன். மூன்றும் 0.026-ஐ ஒட்டியே வந்தன. திரையைப் பார்த்துவிட்டு ஓடினேன். பெண்கள் ஃபவுண்டரிக்குள் ஓடக் கூடாது என்று ஒரு விதி இருந்தால் இன்று உடைந்தது. அவர் ஊற்றுவாளிக்குப் பக்கத்தில் நின்றார். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். ஊற்றினார்கள். சார் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

சாயங்காலம் தேங்காய் பன் வாங்கி வந்தார். எனக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டு, கொஞ்சம் கழித்து எனக்கு மட்டும் இன்னொன்றை நீட்டினார். அத்தை பார்க்காதது மாதிரி டிவி பார்த்தார்.

அக்டோபர் 30, திங்கள்

எங்கள் தலைதீபாவளிக்கு அம்மா வீட்டில், காங்கேயத்தில், ஏற்பாடு தடபுடலாம். அவருக்கு என்ன பிடிக்கும் என்று அம்மா போனில் கேட்டாள். ரசம் என்றேன். மாப்பிள்ளைக்கு ரசமா என்று சிரித்தாள்.

நவம்பர் 2, வியாழன்

இதை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மதியம் வில்லைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றின் முகத்தில், பழைய பொறி விட்ட தழும்பின் ஓரத்தில், ஊசிமுனை அளவு சிவப்பு. நகத்தால் கீறினேன். குங்குமம்.

கிரைண்டரை ஓடவிட்டு அந்த வில்லையைச் சுத்தமாகத் தேய்த்துப் பொறி விட்டேன். அதில் கார்பன் 0.020 இருக்க வேண்டும். பெட்டி 0.012 என்றது. மற்ற வில்லைகளிலும் அதே குறைச்சல்.

ஆக, அன்று நான் துடைத்த வில்லைகளின் மேல் சந்தனம் மிச்சம் இருந்திருக்கிறது. பொறி அதையும் சேர்த்து எரித்தது. சந்தனத்தின் கார்பனும் வெளிச்சம் விட்டது. எஃகின் கார்பன், சந்தனத்தின் கார்பன் என்று வெளிச்சத்தில் வித்தியாசம் கிடையாது. அந்தக் கூடுதலைப் பெட்டியின் குறை என்று நினைத்து நான் பெட்டியை இறக்கி வைத்தேன். எடைக்கல்லில் மண் ஒட்டியிருப்பது தெரியாமல் தராசைச் சரிசெய்தால், பிறகு நிறுப்பதெல்லாம் குறைவாகத்தான் காட்டும். அவருடைய 0.026 உண்மையில் 0.034. பெட்டியைச் சரிசெய்துவிட்டு அந்த ஹீட்டின் வில்லையை மறுபடி பார்த்தேன். 0.034-தான்.

கதவில் காகிதம் ஒட்டியவள் நான்.

வால்வுகள் பாலிஷ் முடிந்து பெட்டி கட்டத் தயாராக இருக்கின்றன. சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் நினைத்தேன். டைரியிடம் மறைப்பானேன், நினைத்தது உண்மை. அப்புறம் ஏதோ ஓர் ஊரில் அந்த வால்வைத் திருகப் போகிற ஓர் ஆள் ஞாபகத்துக்கு வந்தார். பேர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் அவர் வீட்டிலும் சாயங்காலம் ஒருத்தி காத்திருப்பாள்.

சாரிடம் போவதற்கு முன்னால் இவரிடம் சொல்ல வேண்டும். இவருடைய புது உலை. இவருடைய ஹீட். நான்தான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

நவம்பர் 3, வெள்ளி

சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து முதுகுக்குச் சொன்னேன். நீலாம்பூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார்.

"எத்தனை?"

"0.034-ங்க."

"நான் சந்தனம் வெச்சதாலயா?"

"இல்லீங்க. நான் மறுக்காத் தேய்க்காததால. சாமிக்கு வெச்சதுல ஒண்ணும் தப்பில்லை. தேய்க்காம பொறி விட்டதுதான் தப்பு. அது என் வேலை."

"எல்லாரையும் தொடாதே தொடாதேங்கறவ, நீ ஏன் தேய்க்கலை?"

"வெலை ஜாஸ்திங்க. தேஞ்சு போயிருமேன்னுட்டு..."

என்னைத் திரும்பிப் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பினார். வீடு வரைக்கும் பேச்சில்லை.

நவம்பர் 4, சனி

லீவு போட்டேன். அவர் போயிருக்கிறார். அத்தை "என்ன கண்ணு, ரெண்டு பேரும் ஊமையாட்டம் இருக்கறீங்க?" என்றார். தலைவலி என்றேன். "அவனுக்குமா?" என்றார்.

சாயங்காலம் வந்தவர் பையைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"சார்கிட்டச் சொல்லிட்டேன்."

"நான் சொல்றேன்னு இருந்தேனுங்களே!"

"ஹீட் என்னுது."

"என்ன சொன்னாருங்க?"

"மொதல்ல கத்தினாரு. யார் சொன்னான்னாரு. என் சம்சாரம் சொன்னா, அப்ப சரியாத்தான் இருக்கும்னேன்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பிறகு குளிக்கப் போய்விட்டார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். வெங்காயம் அரியவில்லை, சும்மாதான் அழுதேன். துக்கம் என்று சொல்ல முடியாது.

நவம்பர் 6, திங்கள்

சாரிடம் போய் என் தவறைச் சொன்னேன். "இனி பூஜைன்னா லேப் கதவுக்கு மட்டும் பொட்டு வெய்ங்கம்மா" என்றார். கோபம் இன்னும் இருக்கிறது, மனுஷன் காட்டிக்கொள்ளவில்லை. வால்வுகள் எல்லாம் உடைத்து உருக்கத் தள்ளியாயிற்று. ரசாயனத் தொழிற்சாலைக்காரர்களிடம் கெஞ்சித் தீபாவளிக்குப் பிறகு ஒரு வாரம் தவணை வாங்கியிருக்கிறார் சார். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு ஹீட். சனிக்கிழமை முதல் தீபாவளி லீவு. அது தவறினால் ஆர்டர் வேறு கைக்குப் போய்விடும்.

நவம்பர் 8, புதன்

ஸ்டாண்டர்டு வில்லைகளை இன்று தேய்த்தேன். அவர் வந்து கதவருகே நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை.

நவம்பர் 10, வெள்ளி

காலையிலேயே பெட்டியைச் சரிபார்த்தேன். எல்லாம் இருக்க வேண்டியபடி இருந்தது. மதியம் எஃகு உருகி முதல் வில்லை வந்தது. தேய்த்தேன், பொறி விட்டேன். சார் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

0.031.

"ஒரே ஒரு புள்ளிதானம்மா" என்றார் சார். "மெஷின்லயே அவ்வளவு முன்னபின்ன இருக்கும் இல்ல?"

"இருக்கும் சார். நெசத்துல இதுக்கு மேலயும் இருக்கலாம்."

சார் முகம் சுருங்கியது. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே உலை காத்திருக்கிறது, அச்சுகள் காத்திருக்கின்றன, நேரமானால் எஃகு கெட்டுவிடும். வாசலுக்குப் போய் உலை மேடையைப் பார்த்து, "லோகு, ஊத்து!" என்று கையை ஆட்டினார்.

உலை இரைச்சலில் ஒன்றும் கேட்காது. இவர் சாரைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் ஒரு கையில் மூன்று விரலைக் காட்டினேன், மறு கையில் ஒன்று. போன தரம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி இவரைக் கவிழ்த்தவள். இந்தத் தரம் இவர் என்னை நம்பத் தேவையே இல்லை. முதலாளியே ஊற்றச் சொல்லியாயிற்று, நாளைக்கு ஒன்று ஆனாலும் பழி இவர் மேல் வராது.

இவர் கையை உயர்த்தி ஊற்றுவாளியை நிறுத்தினார்.

"பொறுங்க சார்!" தொண்டை கிழியக் கத்தினார். "முப்பத்தியொண்ணுங்கறா!"

கொஞ்சம் எஃகை வெளியே எடுத்துவிட்டு, கார்பன் விகிதம் இறங்க, சுத்த இரும்பும் நிக்கலும் கார்பன் குறைந்த ஃபெரோகுரோமும் நிறுத்துப் போட்டார். சார் வாட்சைப் பார்ப்பதும் கூரையைப் பார்ப்பதுமாக இருந்தார். இரண்டாவது வில்லை சூடு ஆறுவதற்குள் என் உயிர் போய்விட்டது. தேய்த்தேன். முகத்தைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து வைத்தேன். பொறி விட்டேன்.

0.027. மறுபடி 0.027. மறுபடி 0.026.

ஊற்றினார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சார் என்னைக் கடந்து போகும்போது "நல்ல ஜோடிம்மா நீங்க ரெண்டு பேரும். என் பிரஷர் மாத்திரை எங்கே?" என்றார்.

எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது. கட்டிக்கொடுத்தார்கள் என்பதற்காக இல்லை, ரசம் குடிக்கிறார் என்பதற்காகவும் இல்லை. ரொம்பப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி, காங்கேயம்

எண்ணெய்க் குளியல், புதுச் சட்டை, இலை நிறையப் பலகாரம். அம்மாவும் அப்பாவும் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் மொட்டைமாடியில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு ஏன் தேய்க்கலைன்னு கேட்டீங்கல்ல? வெலை ஜாஸ்தின்னு சொன்னது பொய்யிங்க."

"தெரியும்."

"நீங்க தேச்சு வெச்சதுங்க. அது மேல என் கையால மறுக்காத் தேய்க்க எனக்கு மனசு வரலை."

எனக்கும் இந்த மௌனம் இப்போது பழகிவிட்டது. இருந்தாலும் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷம் உலைக்கு முன்னால் நின்று கருத்துப்போன மனுஷன், இவர் முகத்தில் என்ன தெரியப்போகிறது என்று நினைத்திருந்தேன். காது வரைக்கும் சிவந்திருந்தது.